புளிப்பும் பாலும் இல்லாத மேசை

பாலையும் ஈஸ்ட்டையும் விலக்கி உண்ணுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், கேட்டவருக்கு முதலில் வருவது திகைப்புதான். காலையில் தின்னும் ரொட்டி போயிற்று, அதன்மேல் தடவும் வெண்ணெய் போயிற்று, தயிரும் மோரும் போயின. எஞ்சுவது என்ன என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். கடைக்குப் போனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பார்த்துப் பொடி எழுத்துகளைப் படிக்க வேண்டும். விருந்துக்கு அழைத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தனி மனிதர் ஒருவர் சில மாதங்கள் இப்பத்தியத்தைக் கடைப்பிடிப்பதே பெரும்பாடு.

ஒரு மக்கள் கூட்டம் நாள் குறித்துக்கொண்டு, ஆண்டுதோறும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ இதையே செய்து வந்திருக்கிறது. யூதர்களின் பஸ்காப் பண்டிகையின் முதல் இரவு விருந்துக்குச் சேடர் என்று பெயர். பஸ்கா என்பதால் மேசையில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் இருக்கலாகாது. பெரும்பாலும் இறைச்சி விருந்து என்பதால் பாலோ வெண்ணெயோ அருகில் வரலாகாது. இரண்டும் உடல்நலத்துக்காக அல்ல, வேதக் கட்டளைக்காக. இவ்விரு விலக்குகளோடு ஒரு சமையலறை எவ்வாறு பழகிக்கொண்டது, அந்தப் பழக்கத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். யூத மரபு விலக்குவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை அன்று. அப்படி ஓர் உயிர் உண்டென்பதோ, மாவு புளிப்பதும் மது நுரைப்பதும் அதன் வேலை என்பதோ அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. லூயி பாஸ்டர் நொதித்தலைப் பற்றிய தம் முதல் ஆய்வுரையை வெளியிட்டது 1857இல்தான். விலக்கப்பட்டது 'ஹமேட்ஸ்': கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களின் மாவு நீர் பட்டுப் புளித்துப்போனால் அது ஹமேட்ஸ். திராட்சை மதுவும் ஈஸ்ட்டின் கைவேலைதான். ஆயினும் சேடர் இரவில் நான்கு கிண்ணம் மது அருந்துவது கடமை. நம் மருத்துவரின் நோயாளி அந்த மேசைக்குப் போனால் ரொட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, கிண்ணத்தைத்தான் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

ஈஸ்ட்டைப் பொட்டலத்தில் வாங்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் ரொட்டி சுடும் வீடுகளில் முதல் நாள் மாவில் ஓர் உருண்டையை எடுத்து வைப்பார்கள். மறுநாள் புதுமாவில் அதைக் கலந்து பிசைவார்கள். தயிருக்கு நாம் உறைமோர் வைத்திருப்பதைப் போன்றதுதான். நல்ல புளிமாவு தலைமுறை தாண்டியும் வரக்கூடியது. யூத வீட்டில் மட்டும் அந்தத் தொடர்ச்சி ஆண்டுக்கொருமுறை அறுந்தாக வேண்டும். பஸ்காவுக்கு முந்தைய இரவு மெழுகுவத்தி ஒளியில் மூலைமுடுக்கெல்லாம் தேடி, கிடைத்த துணுக்குகளை மறுநாள் காலை எரித்துவிடுவார்கள். ஏழு நாள், இசுரேலுக்கு வெளியே எட்டு நாள், கழிந்தபின் வெறும் மாவிலிருந்தும் நீரிலிருந்தும் புளிப்பைப் புதிதாக வளர்த்தெடுக்க வேண்டும், அல்லது அண்டை வீட்டு யூதரல்லாதாரிடம் கேட்டு வாங்க வேண்டும். எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்டபோது மாவு புளிக்க நேரமில்லாமற் போனதன் நினைவு இது என்று யாத்திராகமம் காரணம் சொல்கிறது.

எகிப்து என்றதும் ஓர் ஓலையின் நினைவு வருகிறது. நைல் நதியின் நடுவே, இன்றைய அஸ்வானுக்கு எதிரில், எலிபன்டைன் என்றொரு தீவு உண்டு. பாரசீகப் பேரரசின் காலத்தில் அங்கே யூதப் படைவீரர்களின் குடியிருப்பு இருந்தது. அவர்களுக்கு ஹனனியா என்பவர் அரமேய மொழியில் எழுதிய பாப்பிரஸ் மடல் கிடைத்திருக்கிறது. இரண்டாம் தாரியஸின் ஐந்தாம் ஆட்சியாண்டு, அதாவது கி.மு. 419. பல இடங்களில் கிழிந்துபோன மடல். எஞ்சியுள்ள வரிகளில் நிசான் மாதம் பதினைந்தாம் நாள் முதல் இருபத்தோராம் நாள் வரை என்ற கணக்கும், புளித்ததைப் பற்றிய எச்சரிக்கையும் தெளிவாகவே தெரிகின்றன. ரொட்டியும் பார்லி மதுவுமே அன்றாட உணவாக இருந்த நாட்டில், சம்பளத்தையே தானியமாகப் பெற்ற சிப்பாய்களுக்கு, ஒரு வாரம் புளித்தது எதையும் தொடாதே என்று கடிதம் போகிறது. பத்தியத்தைக் குறித்து எழுதப்பட்ட மிகப் பழைய மடல்களில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

புளிக்காத அப்பத்துக்கு மாட்சா என்று பெயர். மாவில் நீர் பட்ட கணத்திலிருந்து பதினெட்டு நிமிடத்துக்குள் அது அடுப்பிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். பிசைந்த மாவைச் சும்மா கிடக்க விடக்கூடாது. உப்பிவிடாதிருக்க மேற்பரப்பெங்கும் துளையிட வேண்டும். பதினெட்டு நிமிடம் என்றால் ஒருவரால் ஆகிற காரியமன்று. ஒருவர் நீர் ஊற்ற, ஒருவர் பிசைய, பலர் தேய்க்க, ஒருவர் துளையிட, ஒருவர் நீண்ட கழியில் தூக்கி அடுப்பினுள் விரிக்க, ஒரு கூட்டமே ஓட்டமாக ஓட வேண்டும். இந்தக் கூட்டத்திடம் பிறகு வருவோம்.

புளிப்பு இல்லாமல் பலகாரத்தை எழுப்புவது எப்படி என்பதற்கு முட்டை வழி காட்டியது. வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, பொடித்த மாட்சாவையோ அரைத்த பாதாமையோ சேர்த்துச் சுட்டால் கேக் எழும்பிவிடும். பிற்காலத்தில் உருளைக்கிழங்கு வந்ததும் அதன் மாவும் சேர்ந்துகொண்டது. மாட்சாப் பொடியை முட்டையும் கொழுப்பும் விட்டு உருட்டிக் கோழிச் சாற்றில் வேகவைத்த உருண்டைகள் இன்று பண்டிகையின் அடையாளமாகவே ஆகிவிட்டன. இல்லாமையைச் சமாளிக்கச் செய்த பண்டத்துக்காகவே ஆண்டு முழுதும் ஏங்குபவர்கள் இருக்கிறார்கள். பத்தியச் சமையலுக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறில்லை.

பாலின் கதை வேறு. ஆட்டுக்குட்டியை அதன் தாய்ப்பாலில் சமைக்கலாகாது என்ற கட்டளை யாத்திராகமத்தில் இரு முறையும் உபாகமத்தில் ஒரு முறையும் வருகிறது. மூலத்தில் இருப்பது அவ்வளவே. இறைச்சியோடு பாலை எவ்விதத்திலும் சேர்க்கலாகாது என்று அதை விரித்தவர்கள் பிற்கால ரபிகள். பறவை இறைச்சியையும் அதில் அடக்கினார்கள். கோழிக்குப் பாலேது என்று நமக்குத் தோன்றுவது போலவே அக்காலத்திலும் சிலருக்குத் தோன்றியிருக்கிறது. கலிலேயரான ரபி யோசேயின் ஊரில் கோழியைப் பாலோடு உண்டார்கள் என்று தால்முத் பதிவு செய்துள்ளது. இறைச்சி உண்டபின் பால் அருந்த எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதிலும் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. பலருக்கு ஆறு மணி நேரம், ஜெர்மானிய யூதர்களுக்கு மூன்று, டச்சு யூதர்களுக்கு ஒன்றே ஒன்று. சட்டி பானைகளும் இரண்டு தொகுதி. பஸ்காவுக்கென்று தனியாக இன்னும் இரண்டு. ஏழை வீட்டில் நான்கு தொகுதிப் பாத்திரங்களுக்கு எங்கே போவது? செம்பையும் இரும்பையும் கொதிநீரில் முக்கித் தூய்மை செய்துகொள்ளும் வழியை மரபே வைத்திருந்தது. மண்சட்டிக்கு அந்த வழியும் இல்லை.

வெண்ணெய் இறைச்சிக்கு ஆகாது, பன்றிக்கொழுப்பு எதற்குமே ஆகாது. அப்படியானால் எதில் வதக்குவது? மத்தியதரைக் கடலோரத்தில் இக்கேள்வி எழவே இல்லை, ஆலிவ் எண்ணெய் இருந்தது. ரைன் ஆற்றங்கரையிலும் போலந்திலும் ஆலிவ் விளையாது. அங்கே வாத்து வந்தது. குளிர்காலத்தில் கொழுக்க வைத்த பெருவாத்துகளை ஹனுக்கா சமயத்தில் அறுத்து, கொழுப்பை உருக்கி, பஸ்காவுக்கென்று ஒரு ஜாடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதச் சமையலின் மணம் என்று எழுத்தாளர்கள் உருகி உருகி எழுதியதெல்லாம் இந்த ஜாடிக்குள் இருந்ததுதான்.

பாலுக்குப் பதிலாகப் பாதாம் பால். இது யூதர்களின் தனிச்சொத்து அன்று. தவக்காலத்தில் பாலை விலக்கிய இடைக்காலக் கிறித்தவர்களின் செல்வச் சமையலறைகளிலும் அது தாராளமாகப் புழங்கியது. ஆனால் அதனால் எழுந்த ஒரு சிக்கல் யூதர்களுக்கே உரியது. பதினாறாம் நூற்றாண்டுக் கிராக்கோவில் வாழ்ந்த ரபி மோசே இசர்லெஸ் தம் சட்டக் குறிப்புகளில் அதைப் பேசுகிறார். இறைச்சியைப் பாதாம் பாலில் சமைத்துப் பரிமாறினால், பார்ப்பவர் அதை உண்மைப் பால் என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே கிண்ணத்தின் அருகே சில பாதாம் பருப்புகளை வைத்துவிட வேண்டும் என்கிறார். கோழியென்றால் அதுகூடத் தேவையில்லையாம். பொட்டலத்தின் மேல் இன்று அச்சிடுகிற 'பால் சேராதது' என்ற வாசகத்தின் வேலையை நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நான்கு பருப்புகள் செய்திருக்கின்றன. கடையெங்கும் தாவரப் பால் மலிந்துவிட்ட இக்காலத்தில் எவரும் ஐயுற மாட்டார்கள், பருப்பு வைக்க வேண்டியதில்லை என்பது இன்றைய ரபிகள் பலரின் கருத்து.

நமக்கு அருகில் கொச்சியில் இந்தச் சங்கடம் அவ்வளவாக இருந்திருக்காது. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. அங்கும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்த யூதர்களுக்கு இறைச்சிக் குழம்பைக் கெட்டியாக்கத் தேங்காய்ப் பால் இருந்தது. பாலென்ற பெயரைத் தேங்காய்க்கும் கொடுத்துவிட்ட மொழிகளின் நாட்டில், அருகே தேங்காய் மூடியை வைத்துக் காட்டு என்று யார் கேட்கப்போகிறார்கள்? பஸ்காவில் அரிசியும் அவர்களுக்கு விலக்கு அன்று. ஆனால் துப்புரவில் அவர்கள் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். மாதக்கணக்கில் நீளும் அவர்களது பஸ்கா ஆயத்தத்தை நேதன் காட்ஸும் எலன் கோல்ட்பர்க்கும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சுற்றியிருந்த சாதிச் சமூகத்தின் தீட்டு, தூய்மைக் கருத்துகளின் சாயல் அதில் உண்டென்பது அவர்களது வாதம்.

அரிசி என்றேன். ஐரோப்பிய யூதர்களான அஷ்கநாசிகளுக்கு அதுவும் கிடையாது. அரிசி, பயறு, பட்டாணி, அவரை முதலியவற்றைக் கிட்னியோத் என்பார்கள். இவை ஐந்து தானியங்களில் சேராதவை. ஆயினும் பதின்மூன்றாம் நூற்றாண்டு பிரான்சில், கோதுமையோடு கலந்துவிடக்கூடும் என்ற அச்சத்தாலும் மாவு பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதாலும் இவற்றையும் விலக்கும் வழக்கம் வேரூன்றியது. அடுத்த நூற்றாண்டிலேயே ரபி எருஹாம் அதை மூடப் பழக்கம் என்று ஒதுக்கினார். வழக்கம் அசையவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் அல்டோனாவில் வாழ்ந்த ரபி யாக்கோபு எம்டன் இவ்விஷயத்தில் சொன்னது கவனத்துக்குரியது. பயறும் அரிசியும் இல்லையென்றால் ஏழையின் வீட்டில் வயிறு நிரம்ப மாட்சா ஒன்றுதான் வழி. பெருங்குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கான மாட்சாவை அவசர அவசரமாகச் சுடும்போது கவனம் தவறும். கவனம் தவறினால் உண்மையான ஹமேட்ஸே உள்ளே வந்துவிடும். ஆகவே வேலிக்கு மேல் வேலி போட்டதால் தோட்டமே பாழாகிறது என்ற பொருளில் அவர் வாதிட்டார். தம் தந்தையும் இவ்வழக்கத்தை ஒழிக்க விரும்பினார், ஆனால் இயலவில்லை என்று வருந்தினார். செல்வர் வீட்டில் இறைச்சி உண்டு, முட்டை உண்டு, பாதாம் உண்டு. அவர்களுக்கு இன்னொரு விலக்கு என்பது பக்தியின் அலங்காரம். ஏழைக்கு அது பசி. இதைச் சட்ட நூலுக்குள் எழுதிவைத்தார் என்பதற்காகவே எம்டன்மீது எனக்குத் தனி மதிப்பு. அமெரிக்கக் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு கிட்னியோத்தை உண்ணலாம் என்று அறிவித்தது 2015 டிசம்பரில்.

இப்போது அந்தப் பதினெட்டு நிமிடக் கூட்டத்துக்கு வருவோம். கிழக்கு ஐரோப்பிய ஊர்களில் மாட்சா சுடும் வேலை பஸ்காவுக்கு முந்தைய வாரங்களில் ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் கிடைத்த கூலி. அந்தக் கூலியில்தான் அவர்கள் தம் பண்டிகைச் செலவைப் பார்த்துக்கொள்வார்கள். பெர்டிச்சேவின் ரபி லேவி இட்சாக்கைப் பற்றி ஹசிதிய மரபில் ஒரு கதை சொல்வதுண்டு. விடியலிலிருந்து நள்ளிரவு வரை இடைவிடாமல் மாவு தேய்க்கும் பெண்களை அவர் பார்க்கிறார். யூதர்கள் கிறித்தவக் குழந்தைகளின் இரத்தத்தை மாட்சாவில் கலக்கிறார்கள் என்ற கொடும்பழி ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் உலவியது. 1475இல் டிரெண்ட் நகர யூதர்கள் இப்பழிக்குப் பலியானார்கள். 1913இல்கூடக் கீவ் நகரில் மெண்டல் பெய்லிஸ் என்பவர்மீது வழக்கு நடந்து, அவர் விடுதலையானார். கதையில் ரபி சொல்வது இது: பகைவர்கள் சொல்வது பொய், ஆனால் இந்த மாட்சாவில் இரத்தம் இருக்கத்தான் செய்கிறது, அது இந்த யூதப் பெண்களின் இரத்தம். கதையோ நிகழ்ச்சியோ, இப்படியொன்றைத் தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருக்கும் துணிவு ஒரு சமூகத்துக்கு இருந்தது.

1838இல் அல்சாஸைச் சேர்ந்த ஐசக் சிங்கர் மாவைத் தேய்க்கும் இயந்திரத்தை உருவாக்கினார். இருபது ஆண்டுகளில் அது ஆஸ்திரியப் பேரரசின் கலீசியப் பகுதியை எட்டியதும் பெரும் சச்சரவு மூண்டது. 1859இல் பிரோடி நகரின் ரபி சாலமன் க்ளூகர் கடுமையாக எதிர்த்தார். இயந்திரத்துக்கு நோக்கமும் பக்தியும் கிடையாது, பல்லிடுக்கில் மாவு சிக்கிப் புளிக்கும் என்ற வாதங்களோடு, ஏழைகளின் பிழைப்பு போய்விடும் என்பதையும் அவர் முன்வைத்தார். லெம்பெர்க்கின் ரபி யோசேப்பு சவுல் நாதன்சன் மறுத்து எழுதினார். பிழைப்பு போகும் என்று பார்த்தால், எழுத்தர்களின் பிழைப்பைப் பறித்த அச்சையும் தடுத்திருக்க வேண்டும் அல்லவா என்பது அவரது கேள்வி. கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் இடையில் நம் நாட்டில் நடந்த வழக்கை அறிந்தவர்கள் இரு தரப்பின் குரலையும் எளிதில் இனம் காண்பார்கள். அந்தக் கைம்பெண்களிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

இயந்திரம்தான் வென்றது. லித்துவேனியாவிலிருந்து அமெரிக்கா சென்ற ரபி டோவ் பெர் மானிஷெவிட்ஸ் 1888இல் சின்சினாட்டியில் மாட்சாத் தொழிற்சாலை தொடங்கினார். வட்டமாக இருந்த அப்பம் பெட்டியில் அடுக்க வசதியாகச் சதுரமாயிற்று, கப்பலேறிக் கண்டங்கள் தாண்டியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே சின்சினாட்டியில்தான் 1868இல் ஹங்கேரிய யூதக் குடும்பத்தில் பிறந்த சார்லஸ் ஃபிளைஷ்மன் அச்சுக்கட்டி ஈஸ்ட்டைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தார். அமெரிக்கா முழுவதற்கும் புளிப்பையும் புளிப்பின்மையையும் ஒரே ஊர் விற்றது.

வாத்துக் கொழுப்பின் இடத்துக்கும் ஆலை வந்தது. 1911இல் பருத்திக்கொட்டை எண்ணெயைக் கெட்டியாக்கிக் கிரிஸ்கோ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். பாலும் அன்று, இறைச்சியும் அன்று, எதனோடும் சேரும். யூத இனம் நாலாயிரம் ஆண்டுகளாகக் காத்திருந்தது இதற்குத்தான் என்று விளம்பரமே செய்தார்கள். 1933இல் இத்திஷிலும் ஆங்கிலத்திலுமாக யூத இல்லத்தரசிகளுக்கென்று சமையல் குறிப்பு நூலும் வெளியிட்டார்கள். 1945இல் பஃபலோ நகரின் ராபர்ட் ரிச் சோயாவிலிருந்து பால் சேராத 'கிரீம்' செய்து காட்டினார். இறைச்சி விருந்தின் முடிவில் கிரீம் பூசிய கேக்! பாட்டிமார்களுக்கு நம்ப முடிந்திருக்காது. நாலாயிரம் ஆண்டுக் காத்திருப்பின் பலன் நூறாண்டுகள்தான் நிலைத்தது. இப்படிப் பகுதியளவு ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெய்களைப் பாதுகாப்பானவை என்று இனிக் கருத இயலாது என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் தீர்மானித்தது.

ஆலைகள் இதையெல்லாம் எளிதாக்குவதற்கு முன் ஏழைகள் எப்படிச் சமாளித்தார்கள் என்ற கேள்விக்கு விடை, பெரும்பாலும் ஊர்ப்பணம்தான். 'கோதுமைக் காசு' என்று பொருள்படும் நிதியொன்றைப் பஸ்காவுக்கு முன் ஊரார் திரட்டுவது மிகப் பழைய வழக்கம். ஊரில் குடியிருப்பவன் ஒன்று கொடுப்பவனாக இருக்க வேண்டும், அல்லது பெறுபவனாக இருக்க வேண்டும். அதுவும் போதாத பஞ்ச ஆண்டுகளில், அந்த ஆண்டுக்கு மட்டும் என்று சொல்லிக் கிட்னியோத்தை அனுமதித்த ரபிகள் உண்டு. விலக்கை விதித்தவர்களே அதைத் தளர்த்தும் பொறுப்பையும் சுமக்க வேண்டியிருந்தது.

அந்தப் பொறுப்பு மிகக் கடினமான வடிவத்தில் வந்தது 1944இல், ஜெர்மனியில், பெர்கன்-பெல்சன் முகாமில். பஸ்கா வந்தது. உயிரைப் பிடித்து வைத்திருக்கும் உணவாகக் கிடைத்தது புளித்த ரொட்டி ஒன்றே. மாட்சா இல்லை. ரொட்டியை மறுத்தால் சாவு உறுதி. முகாமிலிருந்த டச்சு ரபிகள் கூடிப் பேசி, ரொட்டியை உண்ணலாம், உண்ண வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அவர்களுள் ஒருவர் ரோட்டர்டாமின் தலைமை ரபி ஆரோன் டேவிட்ஸ். உண்பதற்கு முன் சொல்வதற்கென்று சிறிய மன்றாட்டு ஒன்றையும் எழுதிக் கொடுத்தார்கள். மாட்சா உண்டு, புளிப்பை விலக்கி உன் விருப்பத்தை நிறைவேற்றவே நாங்கள் விரும்புகிறோம், ஆனால் அடிமைத்தளை தடுக்கிறது, உயிர் வாழ்வதற்காகவே கட்டளைகள் என்ற கட்டளைக்கு இப்போது கீழ்ப்படிகிறோம், எங்களை உயிரோடு காத்து விரைவில் விடுவி, பிறகு முறைப்படி உன் சட்டங்களைக் கடைப்பிடிப்போம் என்பது அதன் சாரம். அதைச் சொல்லிவிட்டு ரொட்டியை உண்டார்கள்.

ஆரோன் டேவிட்ஸ் அடுத்த பஸ்காவுக்குச் சில வாரங்கள் முன்பு, 1945 பிப்ரவரியில், அதே முகாமில் இறந்துபோனார்.